கேத வீட்டில் அழாதவன்

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 42. சரக்கு ரயிலில் கார்டாக இருக்கிறேன். 2022இல் எங்கள் பதவியின் பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் ஊரில் எல்லோருக்கும் நான் கார்டுதான். ஈரோட்டில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மனைவி இருக்கிறாள். ஒரே மகள், நான்காவது படிக்கிறாள்.

போன வைகாசியில் என் அம்மா இறந்துபோனார். நான் அழவில்லை. பிரச்சினை இவ்வளவுதான். ஆனால் ஆறு மாதமாக இது ஓயவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் 19 நாள் கிடந்தார். அதில் 14 இரவு நான்தான் கூட இருந்தேன். டியூபில் கஞ்சி விட்டது, புரட்டிப் படுக்க வைத்தது, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டது எல்லாம் நான். அக்கா பகலில் வருவாள், கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுவாள், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். குறையாகச் சொல்லவில்லை. கணக்கு என்று பார்த்தால் இதுதான் கணக்கு.

உயிர் பிரிந்தது விடியற்காலை 3.40க்கு. ஆம்புலன்ஸ் சொன்னேன். ஃப்ரீசர் பெட்டி, பந்தல், நாற்காலி, விறகு எல்லாவற்றையும் ஆறு மணிக்குள் போனிலேயே முடித்துவிட்டேன். ஊரில் அம்மாவை இறக்கியபோது பெண்கள் ஓடி வந்து விழுந்து அழுதார்கள். நான் பெட்டிக்கு பிளக் பாயிண்ட் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை ஒருவர் என் சட்டையைப் பிடித்து, "பெத்தவ போயிட்டாடா, இன்னும் வயரப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறியே" என்று கத்தினார். வயரைப் பிடிக்காமல் பெட்டி எப்படி ஓடும்? அடிக்கிற வெயிலில் சாயங்காலம் வரை வைத்திருக்க வேண்டாமா?

அன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வந்தது. ஆறு சாப்பிட்டேன். அதையும் பேசினார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காதவனுக்குப் பசிக்காதா?

என் தாய்மாமா அம்மாவிடம் பேசி ஆறு வருடம் ஆகிறது. ஏதோ பாதைத் தகராறு. ஆஸ்பத்திரிக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேதத்துக்கு மட்டும் பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தார். தெருமுனையிலிருந்தே "அக்கா, அக்கா" என்று அலறிக்கொண்டு வந்து பெட்டியில் தலையை முட்டிக்கொண்டார். நான் மணி பார்த்தேன், 25 நிமிடம். அப்புறம் பந்தலில் உட்கார்ந்து, டீயில் சீனி பத்தவில்லை என்றார். ஊர் அவரைப் பார்த்து "ரத்த பாசம் விடுமா" என்கிறது. 14 இரவு இருந்த நான் கல்நெஞ்சுக்காரன்.

16ஆம் நாள் கருமாதி முடிந்ததும் செலவுக் கணக்கு எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அவள் பங்கைக் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் கொடுத்தேன். அதை என் முகத்திலேயே விட்டெறிந்தாள். "அம்மா செத்ததுக்கும் பில்லு போட்டியா" என்றாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. மறுநாளே நான் டூட்டியில் சேர்ந்துவிட்டேன். அதற்கும் ஒரு பேச்சு.

நான் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அப்பா இறந்தபோது எனக்கு 13 வயது. அப்போதும் அழவில்லை. அம்மா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதும் இல்லை. நான் மதுரையில் வேலை பார்த்த நாலு வருடத்தில், வண்டி எங்கள் ஊரைத் தாண்டும்போது அம்மா கொல்லைப்புற வேலியோரம் வந்து நிற்பார். சரக்கு வண்டிக்கு டைம் கிடையாது, எதில் நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. போகிற வண்டிக்கெல்லாம் வந்து நின்றிருப்பார் போல. நான் கை காட்டியதில்லை. கொடி ஸ்டேஷனுக்குக் காட்டுவதற்கு. சும்மா காட்டக் கூடாது.

எனக்குத் தனிமை பிடிக்கும். வண்டியின் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் புலம்புவார்கள், எனக்கு நிம்மதி. கல்யாண வீடுகளில் நான் மொய் எழுதும் மேசையில் உட்கார்ந்துகொள்வேன். யாரிடமும் சிரித்துப் பேச வேண்டாம், வேலையும் நடக்கும். கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறார்கள், சேர்ந்து அழுகிறார்கள். எனக்கு அது சினிமா பார்ப்பது போலத்தான் இருக்கிறது. தப்பா?

எங்கள் வீட்டில் மகள் மட்டும் என்னைப் போல. கேதத்தன்று மற்ற பிள்ளைகளைப் பார்த்து அவளும் தேம்பித் தேம்பி அழுதாள். "அழுதா பாட்டி எந்திரிச்சு வந்துருவாங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு நிறுத்திவிட்டாள். புத்திசாலி. புரட்டாசியில் பள்ளிக்கூடப் படியில் விழுந்து இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது வீக்கத்தைப் பார்த்து மனைவிதான் கண்டுபிடித்தாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா வலி போயிருமா" என்றாளாம். டாக்டரே சிரித்துவிட்டார். அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது அக்கா விஷயம்.

வருகிற வைகாசியில் தலை திவசம். "நீ செஞ்சா அம்மா ஏத்துக்க மாட்டாங்க, நானே பாத்துக்கிறேன்" என்று சித்தப்பா மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கொள்ளி வைத்தவன் நான். 14 இரவு இருந்தவன் நான். அழவில்லை என்பதற்காக என்னைத் தள்ளி வைக்கலாமா? என் மனைவியும் ஒரு நாள் சண்டையில், "நான் செத்தாலும் நீங்க இப்படித்தான் இட்லி சாப்புடுவீங்க" என்றாள். என்ன பதில் சொல்ல?

எனக்கு நடிக்க வராது. இல்லாததை இருப்பதாகக் காட்ட வராது. நெட்டில் தேடிப் பார்த்தேன், ஸ்கிசாய்ட் என்று ஒன்று போட்டிருக்கிறது. பாதி எனக்குப் பொருந்துகிறது. எனக்கு மனநோயா? இல்லை, உலகத்துக்காக அழுது காட்டத்தான் வேண்டுமா? இந்த ஜனங்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இப்படிக்கு,
ஒரு கார்டு

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்பது வயதுக் குழந்தை எலும்பு விரிந்த கையோடு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். அந்தக் கையால் தட்டைப் பிடித்திருப்பாள், பையைத் தூக்கியிருப்பாள், ராத்திரி அந்தப் பக்கம் புரண்டபோது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். நீங்கள் இதை ஏழெட்டு வரியில் எழுதிவிட்டு "அதை விடுங்கள்" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. எனக்கு உங்கள் கடிதமே அந்த ஏழெட்டு வரிதான்.

அதற்குப் போகும் முன் நீங்கள் கேட்டதை முடித்துவிடுகிறேன்.

மனநோயா என்று கேட்டீர்கள். கடிதத்தை வைத்து யாரும் அப்படிப் பெயர் சூட்டக் கூடாது, நானும் சூட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் நெட்டில் பார்த்த அந்தப் பெயர், நெருக்கமே வேண்டாம், யார் என்ன நினைத்தால் எனக்கென்ன என்று இருக்கிறவர்களைப் பற்றியது. அத்தை சொன்னது, அக்கா விட்டெறிந்தது, மனைவி சொன்ன இட்லி என்று ஆறு மாதமாக ஒவ்வொன்றையும் மனதில் போட்டு உருட்டுகிறவர், ஊர் பேர் தெரியாத என்னிடம் இத்தனை பக்கம் எழுதுகிறவர், அந்த ரகம் போலத் தெரியவில்லை.

அழாததும் நோய் இல்லை. இழப்புக்குப் பின் துக்கம் வெளியே தெரியாவிட்டால் அது உள்ளே புழுத்து வேறு வடிவில் வந்தே தீரும் என்று 1937இல் ஹெலன் டாய்ச் என்ற உளப்பகுப்பாய்வாளர் எழுதினார். ரொம்ப நாள் எங்கள் துறையில் அதை வேதம் போல நம்பினோம். பிற்பாடு ஜார்ஜ் பொனானோ போன்றவர்கள் துணையை இழந்தவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். கலங்காமல் நின்றவர்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்களிடம் பின்னால் வெடித்துக் கிளம்பிய துக்கம் ஒன்றும் பெரிதாகத் தென்படவில்லை. டெர்ரி மார்ட்டின், கென்னத் டோகா என்ற இருவர் இன்னொன்று சொன்னார்கள். சிலர் துக்கத்தைக் கண்ணீராகக் கொட்டுவார்கள், சிலர் வேலையாகச் செய்து தீர்ப்பார்கள், பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்பார்கள். நீங்கள் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அதுதான் உங்கள் அழுகை. அம்மாவின் முதுகில் புண் வராமல் பவுடர் போட்ட கை, அம்மாவின் உடம்பு கெடாமல் பிளக் பாயிண்ட் தேடியது. எனக்கு அதில் ஒரே தொடர்ச்சிதான் தெரிகிறது. அந்த அத்தைக்குத் தெரியவில்லை. அந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

இனிமேல் இல்லை.

உறவுகள் யார் எவ்வளவு அழுதார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள் என்கிறீர்கள். அந்தப் பந்தலில் கையில் கடிகாரத்தோடு நின்றது யார்? மாமாவின் அழுகை 25 நிமிடம். அக்கா கிளம்பியது நாலு மணி பஸ்ஸுக்கு. 14 இரவு என்பதை இந்தக் கடிதத்தில் மூன்று முறை சொல்லிவிட்டீர்கள். அவர்கள் கண்ணீரை எண்ணினார்கள், நீங்கள் இரவுகளை எண்ணினீர்கள். இரண்டு தரப்பும் ஒரே நோட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. மொய் மேசையில் உட்கார்ந்து பழகியவருக்கு இது புரியாமல் இருக்காது.

மாமா நடித்தார் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? நீங்கள் மதுரைப் பக்கத்து ஆள், ஒப்பாரி கேட்டு வளர்ந்திருப்பீர்கள். பெண்கள் வட்டமாகத் தோள்மேல் கை போட்டு உட்காருவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். செத்தவரைப் பற்றித் தொடங்குகிற பாட்டு கொஞ்ச நேரத்தில் அவரவர் பிறந்த வீட்டுக்கும், குடித்தே போய்ச் சேர்ந்த புருஷனுக்கும், பேசாமல் இருக்கிற மகனுக்கும் போய்விடும். கூர்ந்து கேட்டால் அங்கே ஒரு சாவுக்காக யாரும் அழவில்லை, பத்து இருபது துக்கங்கள் ஒரே பந்தலில் அழுதுகொள்கின்றன. அதற்குத்தான் அந்த ஏற்பாடு. வீட்டில் தனியாக அழுதால் "என்னடி உனக்கு வந்தது" என்பார்கள். கேத வீட்டில் அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள். இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. இறந்தவனை நினைத்து இருப்பவர்கள் செயலற்று நிற்பதைப் பாட, புறத்திணையில் கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்து வைத்தவர்கள் நம் ஆட்கள்.

உங்கள் மாமா தன் அக்காவிடம் பேசாமல் போன ஆறு வருடத்துக்காக அழுதிருக்கலாம். இனிமேல் பேசவே முடியாது என்று தெருமுனையில் திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்திருக்கலாம். அதற்கு 25 நிமிடம் குறைவு. டீயில் சீனி கேட்டதும் தப்பில்லை. உங்களுக்கு ஆறு இட்லிக்குப் பசித்தது போல அவருக்கும் நாக்கு வறண்டிருக்கும். உங்கள் பசிக்குக் கேட்கிற நியாயத்தை அவர் டீக்கும் கொடுங்கள்.

"எனக்கு நடிக்க வராது" என்பதில் ஒரு சின்னப் பெருமை இருக்கிறது. கவனித்தீர்களா? நான் மட்டும் நிஜம், மற்றவர்கள் வேஷம். இந்தப் பெருமை உங்களைத் தனியாக ஒரு பெட்டியில் உட்கார வைத்துவிட்டது.

உங்கள் வேலையை வைத்தே கேட்கிறேன். என் பெரியப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் கொஞ்சம் தெரியும். ஸ்டேஷனை வண்டி தாண்டும்போது நீங்கள் பச்சைக் கொடி காட்டுகிறீர்கள், இரவானால் பச்சை விளக்கு. எல்லாம் சரியாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, எதற்குக் காட்ட வேண்டும்? உங்கள் வண்டியின் வாலில், இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டும் எல்.வி. போர்டு தொங்குகிறது, இரவில் சிவப்பு விளக்கு எரிகிறது. அது உங்களுக்காகவா? பிரேக் வேனுக்குள் இருக்கிற உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பெரியப்பா சொல்வார்: போர்டைக் கண்ணால் பார்க்காமல் வண்டி முழுசாக வந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டோம், நடுவில் பெட்டி கழன்று கிடந்தால் யார் கண்டது, அடுத்த வண்டியை எப்படி விடுவது? வண்டி முழுசாகத்தான் வந்திருக்கும். ஆனால் அது முழுசாக வந்தது பார்க்கிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீங்கள் விளக்கு ஏற்றுவதை நடிப்பு என்று சொன்னதே இல்லை அல்லவா.

உங்களுக்குள் எல்லாம் முழுசாகத்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வேலியோரத்தில் நின்ற அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே. "போகிற வண்டிக்கெல்லாம் வந்து நின்றிருப்பார் போல" என்று. ஒரு வரி. அதை எழுதிவிட்டு உடனே கொடி விதிக்குள் ஓடி ஒளிந்துகொண்டீர்கள். நாலு வருடம், எத்தனை சரக்கு வண்டி, எந்த வண்டியில் மகன் என்று தெரியாமல் ஒரு பெண் அடுப்பை விட்டுவிட்டு எழுந்து வந்து நின்றிருக்கிறார். நீங்கள் கையசைக்காததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா இறந்தபோது அழாத 13 வயதுப் பையனையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு உங்களைப் படிக்கத் தெரிந்திருந்தது. கொடி வேண்டியிருக்கவில்லை, கடைசிப் பெட்டி கண்ணில் பட்டால் போதும். அப்படி ஒருவர் கூடவே இருந்ததால், உங்களை எல்லோரும் அப்படியே படித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டீர்கள். உங்களைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார். ஆறு மாதமாக உங்களுக்கு நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். ஊர்ப் பேச்சு போன வருடமும் இருந்திருக்கும், அப்போது வலித்திருக்காது.

இப்போது மகள்.

அவள் உங்களைப் போல என்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வைகாசியில் அந்தக் குழந்தை பாட்டிக்காகத் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். உங்களுக்கு 13 வயதில் வராத கண்ணீர் அவளுக்கு ஒன்பது வயதில் தாராளமாக வந்திருக்கிறது. அப்படியானால் அவள் உங்களைப் போல இல்லை. அழுகிற பிள்ளையாகத்தான் இருந்தாள். நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அதட்டவில்லை, அடிக்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டீர்கள். "அழுதா பாட்டி எந்திரிச்சு வந்துருவாங்களா?" அவள் யோசித்தாள், நிறுத்தினாள். நாலு மாதம் கழித்து, "சொன்னா வலி போயிருமா?" இது உங்கள் வாக்கியம். பாட்டி இருந்த இடத்தில் வலியைப் போட்டுத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் அதைப் புத்திசாலித்தனம் என்றீர்கள், டாக்டர் சிரித்தார்.

நீங்கள் இப்படிப் பிறந்திருக்கலாம், அவள் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு அழுகை வரவில்லை, அதனால் அழவில்லை, உள்ளே ஒன்றும் முறுக்கிக்கொள்ளவில்லை. அவளுக்கு வருகிறது. வந்ததை விழுங்குகிறாள், அப்பாவுக்குப் பிடிக்கும் என்பதற்காக. ஊர் உங்களிடம் இல்லாத கண்ணீரைக் கேட்டு உங்களை நோகடித்தது. நீங்கள் அவளிடம் இருந்த கண்ணீரை வேண்டாம் என்றீர்கள். எது பெரிய வன்முறை என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கடுமையாக இருக்கிறது, தெரியும். வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் தெரியும்.

எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாட வேண்டும், பிறகு கொஞ்ச நேரம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். எதற்கும் பதில் வராது என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் மகள் கைக்குழந்தை இல்லை, நீங்களும் எந்நேரமும் கல்முகத்தோடு இருப்பவர் இல்லை என்று நம்புகிறேன். ஆனாலும் அந்தப் பாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடம் எனக்கு உங்கள் கடிதத்தில் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் பதில் வராத ஸ்டேஷனுக்குக் கொடி காட்டிக்கொண்டே இருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு பயமும் இருக்கிறது. மணிக்கட்டு வீங்கியது, கண்டுபிடித்தார்கள். ஒரு பெண் குழந்தையிடம் நாளைக்கு யாராவது தகாத விதத்தில் நடந்துகொண்டால் அது வெளியில் வீங்கித் தெரியாது. "சொன்னா போயிருமா" என்று அவள் அதையும் வைத்துக்கொண்டால்? உங்கள் மனைவி "நான் செத்தாலும்" என்று சண்டையில் கத்தினார்களே, அது இட்லியைப் பற்றிய கோபமாக எனக்குத் தெரியவில்லை. அவர்களும் இதை எங்கேயோ பார்த்துவிட்டார்கள்.

என்ன செய்வது என்று கேட்பீர்கள், வேலையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும். அழச் சொல்ல மாட்டேன். அவளிடம் உட்கார்ந்து, "அன்னிக்குப் பாட்டி செத்தப்ப நான் உன்கிட்ட கேட்டது தப்பு. அழுதா பாட்டி வர மாட்டாங்க, ஆனா நீ அழுவுறது எனக்குத் தெரியணும்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். குரல் தழுதழுக்க வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான குரலிலேயே சொல்லலாம். அவள் ஒன்றும் சொல்லாமல் விளையாடப் போய்விடுவாள். போகட்டும். அப்புறம், டூட்டி முடிந்து வரும்போது அவளிடம் ஒன்று சொல்லுங்கள், ஒன்று கேளுங்கள். ராத்திரி நடுக்காட்டில் வண்டி நின்றுவிட்டது, கொசு பிடுங்கியது, எரிச்சலாக இருந்தது. சரி, உனக்கு இன்னைக்கு எப்படி? உணர்வைச் சொல்ல வார்த்தை வராதவர்களுக்கு பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மருத்துவர் 1970களின் தொடக்கத்திலேயே ஒரு பெயர் வைத்தார், அது இங்கே வேண்டாம். ஒன்று மட்டும்: வார்த்தை இல்லாமல் இருப்பது வேறு, உணர்வே இல்லாமல் இருப்பது வேறு. வார்த்தையை 42 வயதிலும் பழகலாம். எரிச்சல், அலுப்பு, வெறுப்பு என்று சின்னதிலிருந்து தொடங்குங்கள்.

அக்காவுக்கு இன்னொரு கணக்கு அனுப்பாதீர்கள். அந்த வேலியோரக் கதையை அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். அதை ஒரு தாளில் எழுதி, விளக்கம் எதுவும் சேர்க்காமல், சித்தப்பாவிடமே கொடுத்து அனுப்புங்கள். திவசம் யார் செய்வது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அவள் மசியாமலும் போகலாம், நான் உத்தரவாதம் தர மாட்டேன். மற்ற ஜனங்களுக்குப் பதிலே வேண்டாம். அடுத்த வைகாசிக்குள் ஊரில் வேறு யாராவது எதையாவது செய்து உங்களை மறக்கடித்துவிடுவார்கள்.

இதை யாரிடமாவது நேரில் பேச வேண்டும் என்று தோன்றினால், தூக்கம் கெட்டாலோ வேலையில் மனம் நிற்காமல் போனாலோ, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மகளின் பள்ளியில் ஆலோசகர் இருந்தால் மனைவியோடு போய் ஒரு முறை பாருங்கள். பிரச்சினை என்று போக வேண்டாம், நடந்ததை அப்படியே சொன்னால் போதும்.

கடைசியாக ஒன்று. 19 நாள், 14 இரவு, 3.40, ஆறு இட்லி, 25 நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். மகள் கையில் எத்தனை வாரம் கட்டு இருந்தது, எப்போது பிரித்தார்கள், இப்போது அந்தக் கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்க அவளுக்கு வலிக்கிறதா என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. அவளிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள்.